முன்சக்கரத்தின் ஓசை: செங்கல்பட்டு வட்டாரத்தில் கார் சஸ்பென்ஷனும் பழுதறிதலும்

காரின் முன்சக்கரங்களை வண்டியின் உடலோடு இணைத்து, சாலையின் அதிர்ச்சியைத் தாங்கும் உறுப்புகளின் தொகுதி முன்பக்க சஸ்பென்ஷன் எனப்படுகிறது. பாடநூல்கள் இதைத் தொங்கல் அமைப்பு என்றும் குறிப்பிடுகின்றன. ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், பால் ஜாயின்ட், ரப்பர் புஷ் ஆகியவை இதன் முதன்மை உறுப்புகள். இவற்றில் ஒன்று தேய்ந்தால் அது பெரும்பாலும் முதலில் ஓசையாகவே வெளிப்படும். அந்த ஓசை எந்த உறுப்பிலிருந்து எழுகிறது என்று கண்டறிவது பட்டறைத் தொழிலின் கடினமான வேலைகளுள் ஒன்று.

இந்தப் பழுதறியும் முறைக்கு ஒரு வரலாறு உண்டு. சஸ்பென்ஷனின் வடிவமைப்பு மாறும்போதெல்லாம் ஓசையும் மாறியது. அதைக் கேட்டு அறியும் முறையும் மாறியது. தமிழ்நாட்டில் இந்த மாற்றங்களை ஒரே சாலையோரத்தில் காணலாம். சென்னையிலிருந்து செங்கல்பட்டு செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், வண்டலூர், மறைமலைநகர், பரனூர் என 30 கி.மீ.க்கும் குறைந்த தொலைவுக்குள், மூன்று வெவ்வேறு காலங்களைச் சேர்ந்த கார் தொழில் நிலையங்கள் அமைந்தன. இந்தப் பகுதி முன்பு காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமானது.

வண்டி அச்சிலிருந்து கிங் பின் வரை

சக்கரத்தின் ஓசையைக் கேட்டுப் பழுதறிவது காருக்கும் முற்பட்ட பழக்கம். மாட்டுவண்டியின் அச்சில் மை வற்றினால் வண்டி கிரீச்சிடும். வண்டிக்காரர் சக்கரத்தைக் கழற்றி, அச்சுக்கு மை போட்டு, கடையாணியைச் சரிபார்த்து மீண்டும் பூட்டுவார். அங்கே உராயும் இடம் ஒன்றே. ஆகவே ஓசை வந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்ற ஐயம் எழவில்லை.

தொடக்க காலக் கார்களிலும் லாரிகளிலும் இரண்டு முன்சக்கரங்களையும் ஒரே இரும்பு அச்சு இணைத்தது. அச்சு வில்பட்டைகளால் வண்டியோடு இணைந்திருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் கிங் பின் எனப்படும் தடித்த ஆணியைச் சுற்றித் திரும்பியது. இந்த அமைப்பில் தேயும் இடங்கள் சிலவே: கிங் பின், அதன் புஷ், வில்பட்டையின் ஷேக்கிள் பின். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கையால் ஆட்டினால் ஆட்டம் எங்கே என்று தெரிந்துவிடும். குறித்த காலத்தில் கிரீஸ் அடிப்பதே இதன் பராமரிப்பு. கனரக லாரிகள் பலவற்றில் இந்த அமைப்பு இன்றும் தொடர்கிறது.

இதில் ஒரு குறை இருந்தது. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மறு சக்கரமும் சாயும். இதைத் தவிர்க்க இரு முன்சக்கரங்களும் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன் 1930-களில் பரவியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 1934-ஆம் ஆண்டுக் கார்கள் இதைப் பெருமளவில் கொண்டுவந்தன. பயணம் மென்மையானது. ஆனால் ஒரே அச்சு இருந்த இடத்தில் பல கைகளும் மூட்டுகளும் வந்தன. மூட்டுகள் பெருகியதால் ஓசை எழக்கூடிய இடங்களும் பெருகின.

வண்டலூரில் ஸ்டாண்டர்ட்

விடுதலைக்குப் பின் இந்தியாவில் கார் உற்பத்தி மூன்று முதன்மை நிறுவனங்களிடம் இருந்தது. கல்கத்தா அருகே உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயில் பிரீமியர், சென்னையில் ஸ்டாண்டர்ட். பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியும் சென்னையின் யூனியன் கம்பெனியும் இணைந்து தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1949 முதல் இயங்கியது. இதன் தொழிற்சாலை வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில் இருந்தது. வான்கார்ட் காரில் தொடங்கி, பின்னர் ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 ஆகியவற்றையும் இந்நிறுவனம் வெளியிட்டது.

1961-இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வந்தது. இது பிரிட்டனில் 1959-இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்ட் காரின் இந்திய வடிவம். இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலொட்டி இதன் உடலை வடிவமைத்தார். பிரிட்டனில் எஞ்சின் பெரிதாக்கப்பட்ட பின்னும் இந்திய ஹெரால்ட் 948 சிசி எஞ்சினையே தக்கவைத்துக்கொண்டது. பின்னாளில் பிரிட்டனில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டும் இங்கு உருவானது.

அக்காலத்து இந்தியக் கார்களில் ஹெரால்டின் சஸ்பென்ஷன் தனித்தன்மை கொண்டது. நான்கு சக்கரங்களும் தனித்தனியே இயங்கின. முன்பக்கத்தில் இரட்டைக் கைகளும் சுருள் ஸ்பிரிங்கும், பின்பக்கத்தில் குறுக்கே அமைந்த ஒற்றை வில்பட்டையும் இருந்தன. முன்சக்கரங்கள் பெருமளவு திரும்பக்கூடியவை என்பதால் கார் சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பியது. குறுகிய தெருக்களில் இது பெரிய வசதி. இந்த வசதியைத் தந்த மூட்டின் பெயர் டிரனியன்.

எண்ணெயா, கிரீஸா

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டு செங்குத்தாக நிற்கும். அதன் மேல்முனையில் பால் ஜாயின்ட் உண்டு. கீழ்முனையில் மரை வெட்டப்பட்டிருக்கும். அந்த மரை, வெண்கலத்தால் ஆன டிரனியனுக்குள் திருகப்பட்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் எஃகு மரை வெண்கல மரைக்குள் சிறிது சுழலும். வண்டியின் முன்பக்க எடையும் அந்த மரை வழியாகவே சக்கரத்துக்கு இறங்கும்.

இந்த மூட்டுக்குத் தேவையானது கிரீஸ் அல்ல, இ.பி. 90 வகை கியர் எண்ணெய். எண்ணெய் மரையின் இடுக்குகளில் ஊடுருவிச் செல்லும். தடித்த கிரீஸ் அவ்வாறு முழுமையாகச் செல்லாது. எண்ணெய் எட்டாத இடத்தில் மழைநீர் தங்கும், எஃகு துருப்பிடிக்கும். துருவால் மெலிந்த தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறியும். முறிந்தால் முன்சக்கரம் மடங்கிக் காரின் அடியில் ஒதுங்கிவிடும். வண்டியை நிறுத்துவதற்காக ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது தண்டின் மீது முறுக்கு விசை கூடுவதால், இத்தகைய முறிவு மெதுவான வேகத்திலும் நேர்ந்தது.

அம்பாசடர், ஃபியட், லாரி எனப் பிற வண்டிகளில் முன்பக்க மூட்டுகளுக்குக் கிரீஸ் அடிப்பது வழக்கமாக இருந்த காலம் அது. ஹெரால்டுக்கு மட்டும் கிரீஸ் கன்னில் கியர் எண்ணெயை நிரப்பிச் செலுத்த வேண்டும். இதை அறியாமல் நல்ல எண்ணத்தோடு கிரீஸ் அடித்தாலும் அது மூட்டுக்குத் தீங்காகவே முடியும். இந்தக் குழப்பம் இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. இதே மூட்டைக் கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், விட்டெஸ் கார்களைப் பராமரிக்கும் பிரிட்டன் ஆர்வலர்களும் இன்றுவரை 'எண்ணெய் மட்டும்' என்று வலியுறுத்தி வருகின்றனர்.

டிரனியன் பழுதை அறிவதில் இன்னொரு சிக்கல் இருந்தது. மரை தேய்ந்தாலும், அதன் நைலான் புஷ் தேய்ந்தாலும் மேடுபள்ளத்தில் 'டொக்' என்ற ஓசை வரும். அது எச்சரிக்கை. ஆனால் எண்ணெய் வற்றித் துருப்பிடித்த மூட்டு அப்படி ஓசை எழுப்பாமலும் இருக்கலாம். இறுகிய மரையில் ஆட்டம் இராது. ஸ்டீயரிங் கனப்பது, திருப்பிய பின் தானாக நேர்நிலைக்கு வராமல் தயங்குவது ஆகியவையே அதன் அடையாளங்கள். ஓசை இல்லை என்பதால் மூட்டு நலமாக இருக்கிறது என்று கொள்ள முடியாது. முன்பக்கப் பழுதறிதலின் வரலாற்றில் டிரனியன் தரும் முதன்மையான பாடம் இதுவே.

கேஸல்: பழைய அமைப்புக்குத் திரும்புதல்

ஸ்டாண்டர்ட் நிறுவனம் 1972-இல் கேஸல் என்ற நான்கு கதவுக் காரை வெளியிட்டது. ஹெரால்டை அடிப்படையாகக் கொண்ட இந்தக் காரில் தனித்தியங்கும் பின்பக்க அமைப்பு கைவிடப்பட்டு, வழக்கமான ஒற்றை அச்சு பொருத்தப்பட்டது. ஹெரால்டின் பின்பக்க அமைப்பை உரிமையாளர்களும் மெக்கானிக்குகளும் அதிகம் விரும்பவில்லை என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

தொழில்நுட்பம் எப்போதும் முன்னோக்கியே செல்லும் என்ற எண்ணத்துக்கு இது ஒரு மறுப்பு. ஒரு வடிவமைப்பு நிலைத்து நிற்க, அது தொழிற்சாலையில் சிறந்ததாக இருந்தால் மட்டும் போதாது. சாலையோரப் பட்டறையில் அதன் பழுதைக் கண்டறியவும், உரிய எண்ணெயையும் உதிரிபாகத்தையும் பெறவும் வழி இருக்க வேண்டும். அந்த அறிவு பரவாத இடத்தில் நல்ல அமைப்பும் நம்பிக்கையை இழக்கிறது.

ஸ்ட்ரட்டின் வருகை

எர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1940-களில் எளிய முன்பக்க அமைப்பொன்றை உருவாக்கினார். ஜெனரல் மோட்டார்ஸின் சிறிய கார் திட்டத்துக்காக அதைச் சிந்தித்தவர், அத்திட்டம் கைவிடப்பட்ட பின் ஃபோர்ட் நிறுவனத்தில் சேர்ந்தார். ஷாக் அப்சார்பரையும் சுருள் ஸ்பிரிங்கையும் ஒரே தூணாக்கி, அந்தத் தூணையே சக்கரம் திரும்பும் அச்சாகவும் பயன்படுத்துவது அவரது கருத்து. மேல் கை தேவைப்படவில்லை. கீழே ஒரு லோயர் ஆர்மும் ஒரு பால் ஜாயின்டும் போதும். 1950-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் ஃபோர்ட் கான்சல், செஃபிர் கார்களில் இது இடம்பெற்றது.

இந்தியச் சாலைகளில் இந்த அமைப்பைப் பரவலாக்கியது 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800. வண்டலூர் தொழிற்சாலையும் இந்த மாற்றத்திலிருந்து விலகி நிற்கவில்லை. 1985-இல் ஸ்டாண்டர்ட் வெளியிட்ட ஸ்டாண்டர்ட் 2000, பிரிட்டனின் ரோவர் எஸ்டி 1 காரின் உடலைக் கொண்டது. அதன் முன்பக்கத்தில் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் இருந்தது. எஞ்சினோ பழைய வான்கார்ட் வழிவந்தது. அந்தக் கார் சந்தையில் நிலைக்கவில்லை. 1988-இல் நிறுவனத்தின் கார் உற்பத்தி முடிவுக்கு வந்தது. ஒரே தொழிற்சாலை 24 ஆண்டு இடைவெளியில் டிரனியன் காரையும் ஸ்ட்ரட் காரையும் வெளியிட்டு மறைந்தது.

அடுத்த கட்டம் அதே சாலையில் தெற்கே தொடங்கியது. மகிந்திராவுடன் இணைந்து 1995-இல் இந்தியாவுக்குத் திரும்பிய ஃபோர்ட், மறைமலைநகரில் தொழிற்சாலை அமைத்தது. 1999-இல் ஐகான், 2010-இல் ஃபிகோ, 2013-இல் ஈகோஸ்போர்ட் ஆகிய கார்கள் வந்தன. மூன்றிலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டே. 2021 செப்டம்பரில் ஃபோர்ட் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது. ஒரு நிறுவனம் உற்பத்தியை நிறுத்தினாலும் அதன் கார்கள் பல ஆண்டுகள் சாலையில் ஓடும். அவற்றின் பழுதைக் கண்டறியும் பொறுப்பு பெரிதும் ஊர்ப் பட்டறைகளின் கையில் வந்து சேரும்.

ஓசையும் உறுப்பும்

ஸ்ட்ரட் அமைப்பில் டிரனியன் இல்லை. எண்ணெய் விட வேண்டிய மரையும் இல்லை. உலோகங்கள் உரசாதபடி இடையில் ரப்பர் புஷ்கள் வந்தன. பட்டறைகளில் இவற்றுக்கு சைலன்ட் பிளாக் என்றே பெயர். இவை தேயும்போது எழும் ஓசைகள் பொதுவாகப் பின்வருமாறு பிரித்தறியப்படுகின்றன.

• சிறு மேடுகளில், மெதுவான வேகத்தில் 'கடகட' என்ற ஓசை: பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க் அல்லது அதன் புஷ். இரு சக்கரங்களும் ஒருசேர வேகத்தடையில் ஏறும்போது இந்த ஓசை குறையும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் கூடும். ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கப்படுவது அப்போதுதான்.
• பள்ளத்தில் 'டொக்' என்ற கனத்த ஓசை: ஸ்ட்ரட்டின் மேல் மவுன்ட், பால் ஜாயின்ட் அல்லது வலுவிழந்த ஷாக் அப்சார்பர்.
• நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கி விடுபடும் ஓசை: மேல் மவுன்டில் உள்ள பேரிங் இறுகியிருக்கலாம்.
• பிரேக் பிடிக்கும் கணத்தில் ஒரே ஒரு தட்டல்: லோயர் ஆர்ம் புஷ் கிழிந்திருக்கலாம். மேடுபள்ளத்தில் பிரேக்கை லேசாக அழுத்தினால் மறையும் ஓசை, பிரேக் பேடு அல்லது காலிப்பரைச் சேர்ந்ததாக இருக்கலாம்.
• 'கிரீச்' ஓசை: காய்ந்த ரப்பர் புஷ். சோப்பு நீரை ஒவ்வொரு புஷ்ஷாகத் தெளித்தால், உரிய இடத்தில் ஓசை சிறிது நேரம் அடங்கும். இதற்குப் பெட்ரோலிய எண்ணெய் விடுவது தவறு. ரப்பர் ஊதிக் கெடும்.
• வேகத்தோடு கூடும் ரீங்காரம்: வீல் பேரிங். வண்டி வலப்பக்கம் வளையும்போது எடை இடச் சக்கரத்துக்குச் செல்லும். அப்போது ஓசை கூடினால் இடப்பக்க பேரிங்கில் ஐயம் கொள்ளலாம்.
• முழுவதும் ஒடித்து முன்னேறும்போது 'கிளிக் கிளிக்': இது சஸ்பென்ஷன் அன்று, முன்சக்கர இயக்கக் கார்களின் வெளிப்புற சி.வி. ஜாயின்ட்.

உலோகம் ஓசையைக் கடத்தும். இடப்பக்கத்துத் தட்டல் வலப்பக்கம் கேட்கலாம். ஆகவே காதால் கேட்டதைக் கையால் உறுதிசெய்ய வேண்டும். ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்ப, மற்றவர் ஒவ்வொரு மூட்டாகக் கைவைத்து அதிர்வை உணர்வதும், நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை உறுப்பில் ஊன்றி அதன் பிடியைக் காதில் வைத்துக் கேட்பதும் பட்டறைகளின் பழைய வழிகள். தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட், பேரிங் ஆகியவற்றின் ஆட்டம் தெரியும். பிரேக்கை அழுத்தியதும் அந்த ஆட்டம் மறைந்தால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட். பக்கவாட்டில் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் தெரியும்.

ஜாக்கியை எங்கே வைப்பது என்பதும் வடிவமைப்பைப் பொறுத்தது. ஸ்ட்ரட் காரில் எடை மேல் மவுன்ட் வழியாக இறங்குவதால், உடலைத் தாங்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டுக் கீழ் பால் ஜாயின்டைப் பார்க்கலாம். ஸ்பிரிங் கீழ்க் கையின் மேல் அமர்ந்திருக்கும் ஹெரால்ட் போன்ற காரில், கீழ்க் கைக்கு அடியில் ஜாக்கி வைத்தால்தான் மூட்டின் மீதுள்ள எடை நீங்கும். இல்லாவிட்டால் ஸ்பிரிங்கின் விசை ஆட்டத்தை மறைத்துவிடும். ஒரு காரில் சரியான சோதனை மற்றொரு காரில் தவறான விடை தரும்.

பழுது நீக்கிய பின்னும் ஓசை திரும்புவதற்கு ஒரு பொதுவான காரணம் உண்டு. லோயர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கிய நிலையில் நிற்கும், விரைவில் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில்தான் கடைசி இறுக்கம் தர வேண்டும்.

கடற்கரைச் சாலையும் உப்பும்

மாவட்டத்தின் கிழக்கே சென்னை - புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் வழியாகச் செல்கிறது. 1998-இல் இச்சாலை திறக்கப்பட்டது. 2002 முதல் சுங்கச் சாலையாக உள்ளது. கோவளம், கேளம்பாக்கம் பகுதியில் உப்பளங்கள் இருப்பதே இக்கரையின் காற்றிலும் நீரிலும் உள்ள உப்பைக் காட்டும்.

கடலோரத்தில் நிற்கும் கார்களின் முன்பக்கத்தில் உப்பு வேறு வகைப் பழுதை உண்டாக்குகிறது. சுருள் ஸ்பிரிங்கின் மேற்பூச்சு கல் பட்டுப் பெயர்ந்த இடத்தில் துரு பிடிக்கும். அந்தத் துருக்குழியிலிருந்து விரிசல் தொடங்கி, கீழ்ச்சுற்று ஒடியும். ஒடிந்த துண்டு சில வேளைகளில் இருக்கையிலேயே தங்கிவிடும்; வண்டி சாய்ந்து நிற்காது. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது எழும் ஓசையே ஒரே தடயம். அதைப் பொருட்படுத்தாவிட்டால் ஒடிந்த கூர்முனை டயரைக் கிழிக்கலாம். டிரனியனுக்குள் திருகிய தண்டை முறித்த துருவே இங்கு வேறு உறுப்பில் தொடர்கிறது.

ஆய்வகத்தில் ஓசை

பரனூர் அருகே மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் 2012-இல் மகிந்திரா ரிசர்ச் வேலி திறக்கப்பட்டது. அருகிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடத்தில், மத்திய அரசின் திட்டத்தில் உருவான உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் சோதனைத் தடங்களோடு இயங்குகிறது. ஓசை, அதிர்வு, கடுமை ஆகிய மூன்றையும் அளக்கும் துறை பொறியியலில் என்.வி.எச். எனப்படுகிறது. கார் சந்தைக்கு வருமுன்பே, சக்கரங்களைத் தனித்தனித் தண்டுகளின் மேல் நிறுத்திக் குலுக்கியும், உறுப்புகளில் உணரிகளைப் பொருத்தியும் ஓசையின் மூலத்தைத் தேடுவது இத்துறையின் வழி. ஒவ்வொரு மூட்டிலும் சிறு மைக் பொருத்தி ஓட்டிப் பார்க்கும் கருவிகள் பட்டறைகளுக்கும் கிடைக்கின்றன. நோக்கம் ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்தவரின் நோக்கமே, கருவிதான் மாறியிருக்கிறது.

மின்சாரக் கார்களின் வருகை இந்தத் திறனின் தேவையைக் குறைக்கவில்லை. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் முன்பு மறைந்திருந்த புஷ், லிங்க் ஓசைகள் இப்போது தெளிவாகக் கேட்கின்றன. பேட்டரியின் எடையும் முன்பக்க மூட்டுகளின் சுமையைக் கூட்டுகிறது.

மாட்டுவண்டியின் அச்சு, லாரியின் கிங் பின், ஹெரால்டின் டிரனியன், ஃபோர்டின் ஸ்ட்ரட் என அமைப்புகள் மாறியபோது ஒவ்வொன்றுக்கும் உரிய சோதனையைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்தது. பழைய காரின் பழக்கத்தைப் புதிய காரில் அப்படியே செய்தபோது விபத்துக்கு இடமானது. முன்சக்கரத்தில் புதிதாக ஓர் ஓசை கேட்டாலும், ஓசையே இன்றி ஸ்டீயரிங் கனத்தாலும், அந்த வண்டியின் முன்பக்கம் எந்த அமைப்பைச் சேர்ந்தது என்று தெரிந்துகொள்வதே பழுதறிதலின் முதல் படி.